டான்சில் ஆபரேஷன்: முதல் இரண்டு நாளை நம்பாதீர்கள்

போன மாதம் குறட்டை பற்றிய ஒரு பதிலில் டான்சில் என்று ஒரே ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான், இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டான்சில். காரணம் புரிகிறது. முழு ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும் காது மூக்கு தொண்டை டாக்டர்களிடம் பிள்ளைகளைக் கூட்டிவந்து வரிசையில் உட்காருவது நம் ஊர் வழக்கம். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் டான்சிலுக்கே. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

என் மகனுக்கு ஏழு வயது. அடிக்கடி தொண்டை வலி, காய்ச்சல். ஏ.எஸ்.ஓ. டெஸ்ட் 400 என்று வந்திருக்கிறது. டான்சிலை எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுக்கவா, வேண்டாமா?
– ஓர் அம்மா, திருச்சி

அடிக்கடி என்றால் எத்தனை தடவை? இதைக் கேட்டாலே வீட்டில் ஆளுக்கொரு கணக்கு வரும், அப்பா மூன்று என்பார், பாட்டி மாசா மாசம் என்பார். முதலில் சமையலறையில் தொங்குகிற காலண்டரில் குறிக்க ஆரம்பியுங்கள். சும்மா தொண்டை கரகரப்பு, மூக்கு ஒழுகல் எல்லாம் கணக்கில் வராது. தொண்டை வலியோடு 101 டிகிரி தாண்டிய காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுவது, டான்சில் மேல் வெள்ளையாகச் சீழ் படிவது, தொண்டையில் பஞ்சு வைத்து எடுத்த டெஸ்டில் ஸ்ட்ரெப் கிருமி (தொண்டைத் தொற்றை உண்டாக்குகிற ஒரு பாக்டீரியா) தெரிவது, இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் அது ஒரு தடவை. அப்படி ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3. டான்சிலை எடுக்கலாமா என்று யோசிக்க உலகம் முழுக்க டாக்டர்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். அமெரிக்காவில் பிட்ஸ்பர்கில் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவரின் குழு 1984-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இன்னொரு விஷயம்: ஆபரேஷன் செய்த பிள்ளைகளுக்கு அடுத்த இரண்டு வருடம் தொண்டைத் தொற்று நன்றாகவே குறைந்தது, சரி, ஆனால் ஆபரேஷன் செய்யாமல் விட்டவர்களிலும் நிறையப் பேருக்குத் தானாகவே குறைந்துவிட்டது. அதாவது காத்திருப்பதும் ஒரு வைத்தியம்தான்.

அடுத்து அந்த ஏ.எஸ்.ஓ. நம் ஊரில் இந்த ஒரு நம்பரை வைத்துக்கொண்டு பெற்றோர் படுகிற பாடு கொஞ்சமில்லை. 200-க்கு மேல் போனாலே ஏதோ இதயத்தில் ஓட்டை விழுந்த மாதிரி பயப்படுகிறார்கள். அந்த நம்பர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சமீபத்தில் எப்போதோ ஸ்ட்ரெப் கிருமி உடம்பில் வந்து போயிருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். ஸ்ட்ரெப் தொற்றைத் தொடர்ந்து சிலருக்கு வருகிற ருமாட்டிக் காய்ச்சல் என்பது நம் நாட்டில் இன்னும் இருக்கிற நிஜமான நோய், இதய வால்வைக் கெடுப்பது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதை மூட்டு வீக்கம், இதயச் சத்தம், எக்கோ என்கிற இதய ஸ்கேன் எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெறும் 400-க்காக டான்சிலை எடுப்பதும் தப்பு, மாதம் ஒரு பென்சிலின் ஊசி என்று ஆரம்பிப்பதும் தப்பு. ஸ்ட்ரெப் தொற்று என்று டாக்டர் சொல்லி பென்சிலினோ அமாக்சிசிலினோ பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தால், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் பத்து நாளும் கொடுங்கள். ருமாட்டிக் காய்ச்சலைத் தடுப்பது அதுதான்.

காய்ச்சலே வருவதில்லை, ஆனால் வாயைத் திறந்தால் டான்சில் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கிறது. ராத்திரி பெரிய மனுஷன் மாதிரி குறட்டை. ஐந்து வயதுதான்.
– அப்பா, ஈரோடு

காய்ச்சலை விட, தூக்கத்தில் வருகிற இந்த அடைப்புதான் இன்றைக்கு டான்சிலை எடுக்க முக்கியமான காரணம். பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் எடுப்பதில்லை, நிறையப் பிள்ளைகளுக்கு அந்த வயதில் அப்படித்தான் இருக்கும், பத்து வயதுக்கு மேல் சுருங்கும். கேள்வி தூக்கத்தைப் பற்றியது. குறட்டை விட்டுக்கொண்டே வந்து திடீரென்று மூச்சு நின்று, ஐந்தாறு வினாடி கழித்து 'ஹக்' என்று இழுக்கிறானா? தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வாயைப் பிளந்து தூங்குகிறானா, தலையணை நனைகிற அளவு வியர்க்கிறதா, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் விட்டுப்போய்த் திரும்பி வந்திருக்கிறதா, பகலில் எரிந்து எரிந்து விழுகிறானா? இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் போனில் ஒரு ஐந்து நிமிட வீடியோ எடுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள், அதற்கு இணையான டெஸ்ட் கிடையாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இலவசமாகக் கிடைப்பதில் அதுதான் சிறந்தது. இந்த வயதில் டான்சிலோடு மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு சதையும் சேர்ந்து அடைத்திருக்கும், எடுத்தால் இரண்டையும் ஒரே தடவையில் எடுப்பார்கள்.

இதிலும் அவசரம் வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்கு. 2013-இல் அமெரிக்காவில் தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ள 464 பிள்ளைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன் செய்தார்கள், மறுபாதியை ஏழு மாதம் காத்திருக்க வைத்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தூக்கமும் நடத்தையும் தெளிவாகவே மேம்பட்டன. காத்திருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தூக்கத்தில் மூச்சை அளக்கிற டெஸ்ட் தானாகவே சரியாகிவிட்டது. லேசான கேஸ் என்றால் பொறுக்கலாம், மூச்சு நின்று நின்று வருகிற பிள்ளையை வைத்துக்கொண்டு பொறுக்கக் கூடாது.

ஐம்பத்திரண்டு வயது. ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாகிக்கொண்டே வருகிறது, வலியில்லை. புகையிலைப் பழக்கம் உண்டு.
– வாசகர், விழுப்புரம்

இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு நாளைக்கே போய்க் காட்டுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தால் அது புற்றா இல்லையா என்று பார்த்தே ஆக வேண்டும். வலியில்லை என்பது நல்ல செய்தி அல்ல.

ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அன்றைக்கு உள்ளே என்ன நடக்கும்? எங்கேயாவது தையல் வருமா? லேசர், கோப்ளேஷன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரேட் சொல்கிறார்கள்.
– அம்மா, மதுரை

வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, எல்லாம் வாய் வழியாகத்தான். ஆறு மணி நேரத்துக்கு முன்பிருந்து சாப்பாடு, பால் எதுவும் கூடாது, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் (உங்கள் மயக்க மருந்து டாக்டர் வேறு நேரம் சொன்னால் அவர் சொல்வதே கணக்கு). இதில் ஒரு எச்சரிக்கை. வார்டில் எப்போதும் ஒரு தாத்தா இருப்பார், பிள்ளை பட்டினி கிடக்கிறதே என்று மனசு கேட்காமல் வராந்தாவில் வைத்து அரை பிஸ்கட் கொடுத்துவிடுவார். மயக்கத்தில் அது வாந்தியாக வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஆபரேஷன் தள்ளிப்போகும், போகட்டும். ஆடுகிற பால்பல் இருந்தாலும், வீட்டில் யாருக்காவது பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காத வழக்கம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முழு மயக்கம் கொடுப்பார்கள். வாயைத் திறந்து வைக்க ஒரு கருவி மாட்டி, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, டான்சிலை அதன் உறையோடு பிரித்து எடுப்பார்கள், பெரும்பாலும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். அந்த இடத்தைத் தைத்து மூடுவதில்லை, ரத்தக்குழாயை மட்டும் கட்டியோ சுட்டோ நிறுத்திவிட்டு புண்ணைத் திறந்தபடியே விட்டுவிடுவார்கள். திறந்த புண் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள், பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

மயக்கம் தெளியும்போது நிறையப் பிள்ளைகள் கத்தி, கைகாலை உதைத்து, அம்மாவையே அடையாளம் தெரியாத மாதிரி நடந்துகொள்வார்கள். அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். கருஞ்சிவப்பாக ஒரு தடவை வாந்தி வரலாம், ஆபரேஷன் நேரத்தில் விழுங்கிய பழைய ரத்தம் அது. பளிச்சென்ற சிவப்பு என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

ரேட் விஷயம். கோப்ளேஷன் என்பது குறைந்த சூட்டில் திசுவைக் கரைக்கிற முறை, அதன் முனையில் மாட்டுகிற கருவி ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான், பில் ஏறுவது அதனால்தான். வலி முதல் சில நாள் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். இங்கிலாந்தில் 2003-04-இல் சுமார் 34,000 டான்சில் ஆபரேஷன்களைக் கணக்கெடுத்தபோது, சூடு வைத்துச் செய்கிற முறைகளைவிட பழைய கத்தி-கத்தரி-நூல் முறையில்தான் பின்னாடி வரும் ரத்தக்கசிவு குறைவாக இருந்தது. பழைய முறை என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். உங்கள் டாக்டருக்கு எதில் கை பழகியிருக்கிறதோ அதில் செய்யச் சொல்லுங்கள்.

29 வயது, ஐ.டி. வேலை. அடுத்த மாதம் டான்சில் ஆபரேஷன். மூன்று நாள் லீவ் போட்டால் போதும், நான்காம் நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?
– வாசகர், சென்னை

தம்பி, சரியில்லை. இரண்டு வாரம் போடுங்கள், பத்து நாளாவது.

இதைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. டாக்டராகி ஆறேழு வருடம், வருகிறவர்களிடமெல்லாம் 'கொஞ்சம் வலி இருக்கும்' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான், அப்புறம் முப்பத்து மூன்றாவது வயதில் டான்சிலுக்குப் பக்கத்தில் இரண்டாம் முறை சீழ் கட்டி, என் டான்சிலையே எடுக்க வேண்டி வந்தது. முதல் நாள் மயக்க மருந்தும் வலி ஊசியும் வேலை செய்துகொண்டிருந்தன, ஐஸ்கிரீம் சாப்பிட்டேன், பார்க்க வந்தவர்களிடம் வாய் ஓயாமல் பேசினேன். இரண்டாம் நாளும் அப்படியே. இவ்வளவுதானா என்று நினைத்து மூன்றாம் நாள் காலை மாத்திரையை விட்டேன். அன்று சாயங்காலத்திலிருந்து ஏழாம் நாள் வரைக்கும் எச்சிலை விழுங்குவதற்கு முன்னால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு விழுங்கினேன். இரண்டு காதிலும் யாரோ கம்பியை விட்டுக் குடைகிற மாதிரி. இரவில் தூங்கி எழுந்தால் தொண்டை காய்ந்து, முதல் மடக்குத் தண்ணீர் கண்ணாடித் துண்டு போல இறங்கியது. பதினொன்றாம் நாள் ஒரு காலையில் எழுந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் வலிக்கவில்லை என்று கவனித்தேன். நான்கு கிலோ குறைந்திருந்தேன். அதற்குப் பிறகு யாரிடமும் 'கொஞ்சம் வலி' என்று சொல்வதில்லை.

பிள்ளைகள் ஒரு வாரம், பத்து நாளில் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு இரண்டு வாரம் ஆகும், வலியும் அதிகம், ரத்தம் கசியும் வாய்ப்பும் அதிகம். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது, ஆனால் வளைவு ஒன்றுதான்: முதல் இரண்டு நாள் ஏமாற்றும், மூன்றிலிருந்து ஏழு வரை ஏறும், அப்புறம் பொருக்கு உதிர உதிர இறங்கும்.

செய்ய வேண்டியது இரண்டுதான். ஒன்று, வலி வந்த பிறகு மாத்திரை போடாதீர்கள். டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் போனில் அலாரம் வைத்து, வலிக்கிறதோ இல்லையோ போடுங்கள், முக்கியமாகச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். இரண்டு, குடியுங்கள். தொண்டை காய்ந்தால் வலி கூடும், வலி கூடினால் குடிக்க மாட்டீர்கள், குடிக்காவிட்டால் இன்னும் காயும். ஆபரேஷன் முடிந்து மறுபடி அட்மிட் ஆகி குளுக்கோஸ் ஏற்றுகிறவர்கள் பலர் இந்தச் சுழலில் மாட்டியவர்கள். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர், கால் மணிக்கு இரண்டு மடக்கு. பேசலாம், மெல்லலாம், மெல்லுவது தாடைக்கும் நல்லது. ஆனால் மீட்டிங்கில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசுவது எட்டாம் நாளுக்கு முன்னால் நடக்காது.

வலிக்கு எந்த மருந்து கொடுக்கலாம்? வீட்டில் டோலோ, கால்பால் எல்லாம் இருக்கிறது. இருமல் சிரப்பும் மிச்சமிருக்கிறது.
– அம்மா, கோவை

டோலோவும் கால்பாலும் குரோசினும் ஒன்றேதான், எல்லாம் பாராசிட்டமால். ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்றைக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகி ஈரல் கெடும். பிள்ளையின் எடைக்கு டாக்டர் எழுதிய மில்லி அளவு எவ்வளவோ அவ்வளவு. ஐபூபுரூஃபன் சேர்க்கலாமா என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும், பல இடங்களில் கொடுக்கிறார்கள், பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

அந்த மிச்ச சிரப்பைக் கொட்டிவிடுங்கள், அதில் கோடீன் என்ற இருமல், வலி மருந்து இருந்தால் கண்டிப்பாக. சிலருடைய உடம்பு கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாது. டான்சில் எடுத்த பிள்ளைகளுக்கு வலிக்காகக் கோடீன் கொடுத்து, தூக்கத்தில் மூச்சு நின்று இறந்த சம்பவங்களுக்குப் பிறகு 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன்னுடைய மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. டிராமடால் என்ற வலி மருந்தும் அதே ரகம்.

ஐஸ்கிரீம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். சளி பிடித்துச் சீழ் வைக்கும் என்று மாமியார் ஃப்ரிட்ஜைப் பூட்டாத குறை. யார் சொல்வது சரி?
– வாசகி, சேலம்

டாக்டர் சொல்வது சரி, ஆனால் உங்கள் மாமியாரைச் சமாதானப்படுத்த என்னால் ஆகாது, என் அம்மாவையே என்னால் முடிந்ததில்லை. குளிர்ச்சியால் புண்ணில் சளி பிடிக்காது. குளிர்ச்சி வலியை மரத்துப்போக வைக்கிறது, வீக்கத்தைக் குறைக்கிறது, பிள்ளை எதையாவது விழுங்குகிறது, அவ்வளவுதான் அதன் பெருமை. ஐஸ்கிரீம் கட்டாயமும் இல்லை. சிலருக்குப் பால் குடித்தால் தொண்டையில் கொழகொழவென்று ஒட்டுகிற மாதிரி இருக்கும், அவர்கள் இளநீர், ஆறவைத்த கஞ்சி, குச்சி ஐஸ் என்று போகலாம்.

நம் வீட்டுச் சமையலில் இதற்கென்றே செய்த மாதிரி நிறைய இருக்கிறது. குழையக் குழையப் பிசைந்த தயிர்சாதம் (தயிர் புளிக்காமல்), பாலில் ஊறிய இட்லி, ஜவ்வரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், நெய் விட்ட பருப்பு சாதம், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். எதுவானாலும் ஆறியிருக்க வேண்டும். ரசம் வேண்டாம், நோயாளி என்றாலே மிளகு ரசம் வைக்கிற கையைக் கொஞ்சம் கட்டிப் போடுங்கள், மிளகும் புளியும் அந்தப் புண்ணில் பட்டால் பிள்ளை அடுத்த வேளை வாயே திறக்காது. எலுமிச்சை, சாத்துக்குடி, தக்காளி, ஊறுகாய் எல்லாம் அதே கணக்கு. முறுக்கு, மிக்சர், அப்பளம், ஓரம் மொறுமொறுத்த தோசை இரண்டு வாரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று, ரோஸ்மில்க், மாதுளை ஜூஸ், பீட்ரூட் என்று சிவப்பாக எதுவும் கொடுக்காதீர்கள். கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் வாந்தி எடுத்தால் அது ரத்தமா ரோஸ்மில்க்கா என்று ராத்திரி ஒரு மணிக்கு உங்களுக்குத் தெரியாது.

ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகச் சீழ். வாயில் தாங்க முடியாத நாற்றம், காது வலிக்கிறது என்று அழுகிறாள். உள்நாக்கும் வீங்கியிருக்கிறது. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறதா?
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

இந்தக் கேள்விக்குத் தபாலில் பதில் போட முடியாது என்பதால் அன்றைக்கே போனில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே.

நீங்கள் பார்த்தது சீழ் இல்லை, பொருக்கு. கையில் காயம் ஆறும்போது காய்ந்த பொருக்கு கட்டும், வாய்க்குள் எப்போதும் ஈரம், அதனால் அதே பொருக்கு ஊறி வெள்ளையாக, சில நேரம் மஞ்சளாகத் தெரியும். ஊறிய பொருக்கு நாறும். பல் துலக்கலாம், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம், தொண்டைக்குள் விட்டுக் கடகடவென்று கொப்பளிக்கக் கூடாது. விரலாலோ பஞ்சாலோ அதைத் துடைத்து எடுக்கப் பார்க்காதீர்கள், ஒரு பாட்டி தேன் தடவிய துணியால் சுத்தம் செய்துவிட்டு ரத்தத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கழுத்துக்கு வெளியே சுண்ணாம்பும் தேனும் பூசுவதும் வேண்டாம், தோல் வெந்துபோகும், உள்ளே இருக்கிற புண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

காதில் ஒன்றுமில்லை. தொண்டையின் அந்த இடத்துக்கும் நடுக்காதுக்கும் ஒரே நரம்புதான் போகிறது, மூளைக்கு எங்கேயிருந்து வலி வருகிறது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சொட்டு மருந்து விட வேண்டாம். உள்நாக்கு பக்கத்து வீட்டுக்காரர், பக்கத்தில் வெட்டினால் அவருக்கும் வீங்கும், ஒரு வாரத்தில் வடியும். மூச்சு விடச் சிரமம் என்றால் மட்டும் உடனே போக வேண்டும். அப்புறம், காய்ச்சல் முதல் இரண்டு நாள் லேசாக வரும். 102-ஐத் தொட்டாலோ, பாராசிட்டமால் கொடுத்தும் இறங்காவிட்டாலோ, எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரே போகாவிட்டாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பெரியவனுக்கு டான்சில் எடுத்த ஒன்பதாம் நாள் குலதெய்வம் கோயிலில் சின்னவளுக்குக் காது குத்து. அவன் இப்போது நன்றாக ஓடியாடுகிறான். ஊர் இங்கிருந்து 180 கிலோமீட்டர், கடைசி 20 கிலோமீட்டர் காட்டுப் பாதை. கூட்டிப் போகலாமா?
– அப்பா, திருப்பூர்

வேண்டாம். தேதியை மாற்ற முடியாது என்றால் அவனையும் வீட்டில் பொறுப்பான ஒருவரையும் விட்டுவிட்டுப் போய் வாருங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

நீங்கள் சொன்ன நாள்தான் பிரச்சினை. டான்சில் ஆபரேஷனில் ரத்தம் இரண்டு சமயங்களில் வரும். ஒன்று முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள், அது ஆஸ்பத்திரிக் கணக்கு, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மற்றது பொருக்கு உதிரும் நாட்களில், ஐந்திலிருந்து பத்து. பிள்ளை நன்றாகிவிட்டான், வலி குறைந்துவிட்டது, முறுக்கு கேட்கிறான் என்று வீடே நிம்மதியாகிற நாளும் அதுதான். மேலே சொன்ன இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் நூறு பேரில் மூன்றரைப் பேருக்கு ரத்தம் கசிந்தது, நூறில் ஒருவருக்கும் சற்றுக் குறைவானவர்களைத்தான் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. அதாவது உங்கள் பையனுக்கு ஒன்றும் ஆகாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த ஒருவனாக இருந்தால் அவனுக்கு ஒரு மணி நேரத்துக்குள் தியேட்டரும் மயக்க மருந்து டாக்டரும் வேண்டும், காட்டுப் பாதையில் வேனைத் திருப்புவதற்கே அரை மணி நேரம் போய்விடும்.

எச்சிலில் நூல் மாதிரி சிவப்பாக ஒரு கோடு வந்தால் ஐஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்து டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பளிச்சென்ற ரத்தம் துப்பினாலோ, கட்டி கட்டியாக வாந்தி எடுத்தாலோ போன் செய்துகொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டோ கையில் இருக்கிற வண்டியிலோ கிளம்புங்கள், இ.என்.டி. டாக்டரும் ஆபரேஷன் தியேட்டரும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, தெருமுனை கிளினிக்கில் நிறுத்தாதீர்கள். போகும்போது பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்காமல் உட்காரவைத்து முன்னால் குனியச் சொல்லுங்கள், ரத்தத்தை விழுங்காமல் துப்பட்டும். ரத்தம் நின்றுவிட்ட மாதிரி தெரிந்தாலும் போங்கள், சின்னதாக ஒரு தடவை வந்து நின்று, சில மணி நேரம் கழித்துப் பெரிதாக வருவது உண்டு.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று உண்டு, இதைப் பல பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. தூக்கத்தில் ரத்தம் கசிந்தால் பிள்ளை துப்பாது, விழுங்கும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. தூங்குகிற பிள்ளை திரும்பத் திரும்ப முழுங்கிக்கொண்டே இருந்தால், தொண்டை ஏறி ஏறி இறங்கினால், எழுப்பி வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பத்து நாளைக்கு அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் படுப்பது இதற்காகத்தான்.

இரண்டு வாரத்துக்கு ஓட்டம், சைக்கிள், கிரிக்கெட், நீச்சல், எண்ணெய் தேய்த்துச் சுடச்சுடத் தலைக்குக் குளிப்பது எல்லாம் நிறுத்தம். காது குத்துக்குக் கிடா வெட்டினால் அவன் பங்குக் கறியை மூன்றாம் வாரம் போடுங்கள்.

டான்சில் நோய் எதிர்ப்புச் சக்திக்கான உறுப்பாமே, எடுத்தால் காலம் முழுக்கச் சளி பிடிக்குமா?
– வாசகி, புதுச்சேரி

எதிர்ப்புச் சக்திக்கான உறுப்புதான், ஆனால் ஒற்றைக் காவல்காரன் இல்லை. நாக்கின் அடியில், மூக்கின் பின்னால், கழுத்து முழுக்க அதே வேலையைச் செய்கிற திசு நிறைய இருக்கிறது. 2018-இல் டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து, ஒன்பது வயதுக்குள் டான்சில் எடுத்தவர்களுக்குப் பின்னாளில் மூச்சுப்பாதை நோய்கள் கூடுதலாக வந்ததாக ஓர் ஆய்வு வந்தது, அதைத்தான் எல்லோரும் ஃபார்வர்டு செய்கிறார்கள். ஏற்கனவே தொண்டைத் தொற்றும் சளியுமாக இருந்த பிள்ளைகளுக்குத்தானே டான்சிலை எடுத்திருப்பார்கள், அப்படி இருக்கும்போது பின்னால் வந்த நோய்க்கு ஆபரேஷனைக் காரணம் சொல்வது கஷ்டம். என் கட்சி: தேவை இருந்தால் இந்தப் பயத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள், தேவை இல்லாவிட்டால் எடுக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

பாட்டு கற்றுக்கொள்கிறேன். குரல் மாறிவிடுமா?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

குரல்நாண் கீழே இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை. தொண்டைக்குள் இடம் கூடுவதால் கொஞ்ச நாளைக்கு ஒலி வேறு மாதிரி, மூக்கில் பேசுகிற மாதிரிகூட இருக்கும், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தால் ஆபரேஷன் செய்கிறவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், ஒரு மாதத்துக்குச் சாதகம் வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் போட்டு எட்டு மாதம் ஆகிறது. கிளெய்ம் கிடைக்குமா?
– வாசகர், வேலூர்

பாலிசிப் புத்தகத்தில் 'காத்திருப்புக் காலம்' என்ற பக்கத்தைப் படியுங்கள். பல பாலிசிகளில் டான்சிலும் அடினாய்டும் பெயர் சொல்லி 24 மாதப் பட்டியலில் இருக்கின்றன, ஆரோக்ய சஞ்சீவனி என்ற பாலிசியிலும் அப்படித்தான். அவசரமில்லாத கேஸ் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

டாக்டர் அங்கிள், எனக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். எடுத்த டான்சிலை எனக்குக் காட்டுவாங்களா?
– நான்காம் வகுப்பு, நாகர்கோவில்

கேட்டால் நிறைய டாக்டர்கள் காட்டுவார்கள், ஆனால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டெஸ்டுக்கு அனுப்பிவிடுவார்கள் அல்லது குப்பைக்குப் போய்விடும். பெரிதாக எதிர்பார்க்காதே, ஒரு பெரிய பாதாம் பருப்பு அளவில், இளஞ்சிவப்பாக, அங்கங்கே குழி விழுந்து இரண்டு துண்டு இருக்கும். அதைக் காட்டும்போது நீ பாதித் தூக்கத்தில் இருப்பாய், சாயங்காலம் எழுந்து 'காட்டவே இல்லை' என்று அழுவாய், அதனால் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லி அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு.